காற்றாலையின் ஓசையும் கணக்கின் எல்லையும்



விஞ்ஞானப் பொருள் ஒன்றை, அத்துறையில் பழகாதவர்களும் தொடர்ந்து வரக்கூடிய வண்ணம் தமிழில் எடுத்துரைக்க வேண்டும் என்று இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையை நிறுவியவர்கள் விதித்திருக்கிறார்கள். அவ்விதிக்கு உட்பட்டு இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், காற்றாலையின் இறக்கைகள் சுழலும்போது எழும் ஓசையை, ஆலை எழும்புவதற்கு முன்பே, கணினியில் காற்றின் ஓட்டத்தை நடத்திப் பார்த்துக் கணித்துவிட முடியுமா, முடியுமானால் எவ்வளவு தூரத்துக்கு அக்கணிப்பை நம்பலாம் என்பதாகும். மின்சாரத்தின் அருமை பேசப்படும் சபைகளில் இந்த ஓசையைப் பற்றிய பேச்சு அற்பமாகத் தோன்றக்கூடும். ஆலைக்கு அரை மைல் தொலைவில் வீடு கட்டிக் குடியிருப்பவனுக்கு, இரவு இரண்டு மணிக்கு, அது அற்பமாகத் தோன்றுவதில்லை.

முதலில் அளவைகளைப் பார்த்துவிடுவோம். மூன்று மெகாவாட், அதாவது முப்பது இலட்சம் வாட், மின்சக்தி தரவல்ல ஆலை ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் ஒலித்திறன் ஏறத்தாழ 105 டெசிபெல் என்று அத்தொழிலில் உள்ளவர்கள் சொல்வார்கள். இந்த எண்ணை வாட் கணக்குக்கு மாற்றிப் பார்க்கிறவன் சற்றுத் திகைத்துத்தான் போவான். ஏனெனில், மனிதச் செவியின் உணர்திறத்துக்குத் தக்கபடி எடையிட்டுக் கூட்டிய அவ்வோசையின் மொத்தத் திறனும் ஒரு வாட்டில் முப்பதில் ஒரு பங்குதான். மின்சாரம் பத்துக்கோடிப் பங்கென்றால் ஓசை ஒரு பங்கு. ஆலையின் மின் உற்பத்தியை நூற்றுக்கு ஒரு பங்கு பிழைக்குள் கணித்துச் சொல்லும் பொறியியலாளரை நாம் மெச்சுகிறோம். அவருடைய கணக்கில் நேரும் அந்த ஒரு பங்குப் பிழை, நாம் தேடும் ஓசையைப்போல் பத்து இலட்சம் மடங்கு பெரியது. வீட்டு வாசலில் கேட்கும் 40 டெசிபெல் ஓசையில் காற்றின் அழுத்தம் ஏறியிறங்கும் அளவோ, நம்மைச் சூழ்ந்துள்ள வாயுமண்டல அழுத்தத்தில் ஐந்துகோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சூக்ஷ்மமான ஒன்றை, இவ்வளவு ஸ்தூலமான பிரவாகத்தின் கணக்கிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி? முழுவதையும் கணக்கிட்டு, முடிவில் மிஞ்சுவதை ஓசை என்று எடுத்துக்கொள்வது ஆகாத காரியம். ஆகவே இத்துறையின் சரித்திரம் முழுவதும், எதைக் கணக்கிடாமல் விடலாம் என்று கண்டுபிடித்தவர்களின் சரித்திரமாகவே இருந்துவந்திருக்கிறது. இதுவே இன்று நான் சொல்ல விரும்பும் ஒரே கருத்து. மற்றவை யாவும் இதற்குச் சான்றுகள்.

ஓசையை முன்கூட்டிக் கணிக்காததன் விளைவு எவ்வாறு இருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நல்ல உதாரணம். 1979-ஆம் ஆண்டில், வட கரோலினா மாநிலத்தின் பூன் என்னும் மலையூருக்கு மேலே, ஹவர்ட்ஸ் நாப் என்ற குன்றின் உச்சியில், நாசா நிறுவனத்தின் மேற்பார்வையில் ‘மாட்-1’ என்னும் காற்றாலை எழுப்பப்பட்டது. 61 மீட்டர் விட்டமும் இரண்டே இறக்கைகளும் உடைய அந்த ஆலை இரண்டு மெகாவாட் மின்சாரம் தருவதற்காக அமைந்தது. அதன் விசேஷம், காற்று முதலில் கோபுரத்தைத் தாண்டி, அதன் பிறகே இறக்கைகளை அடையுமாறு அமைத்திருந்ததுதான். சுழலத் தொடங்கிய சிறிது காலத்திலேயே, பள்ளத்தாக்கில் மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் வசித்த சில குடும்பத்தினர், வீட்டுச் சுவரை யாரோ குத்துவதுபோன்ற ஓசை கேட்கிறதென்றும் ஜன்னல்கள் அதிர்கின்றன என்றும் முறையிட்டனர். விந்தை என்னவென்றால், எல்லா வீடுகளிலும் அது கேட்கவில்லை. எல்லா இரவுகளிலும் கேட்கவில்லை. கொலராடோவில் இருந்த சூரியசக்தி ஆராய்ச்சி நிலையத்தார் நெடுநாள் ஆராய்ந்து, 1985-இல் வெளியிட்ட அறிக்கையில் காரணத்தை விளக்கினர். கோபுரத்தின் கால்களுக்குப் பின்னால் காற்று வேகம் குன்றிக் குழம்பிக் கிடக்கும் பகுதியினூடே இறக்கை பாயும் ஒவ்வொரு தடவையும், அதன்மேல் தாங்கியிருந்த காற்றின் பாரம் திடீரென்று இறங்கி மீண்டும் ஏறுகிறது. அந்தத் திடீர் மாற்றமே செவிக்கு எட்டியும் எட்டாமலும் உள்ள தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு துடிப்பாகப் புறப்படுகிறது. மலைச்சரிவும் வாயுமண்டலத்தின் அடுக்குகளும் அதைச் சில இடங்களில் குவித்துவிடுகின்றன. நிமிடத்துக்கு 35 சுற்றாக இருந்த வேகத்தை 23-ஆகக் குறைத்துப் பார்த்தார்கள். ஆலை நீண்ட நாள் நிலைக்கவில்லை. அதன் பின்னர் பெரிய ஆலைகள் பெரும்பாலும் இறக்கைகளைக் கோபுரத்துக்கு முன்னே, காற்றை எதிர்நோக்கி வைத்தே கட்டப்படுகின்றன.

அவ்வாறு வைத்தவுடன் குத்தோசை பெரிதும் மறைந்தது. அக்குத்தோசையால் அமுங்கியிருந்த வேறொரு ஓசை வெளிப்பட்டது. முறத்தில் நெல் புடைக்கும் ஓசையைப் போல ஏறியும் இறங்கியும் வரும் அந்த வீச்சொலியை, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று கேட்டவர்கள் அறிவார்கள். இது கோபுரத்தின் குற்றமன்று. பல்சக்கரப் பெட்டியின் குற்றமுமன்று. இறக்கையின்மேல் காற்று வழுக்கிச் செல்வதாலேயே பிறப்பது. இதைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டும்.

காற்றே காற்றில் ஓசையை எழுப்புவது எப்படி என்ற கேள்விக்கு முதன்முதலில் திட்டமான விடை கண்டவர், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் லைட்ஹில். ஜெட் விமானங்களின் பேரிரைச்சல் பெரும் பிரச்சினையாகத் தலையெடுத்த காலம் அது. 1952-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் புதிய பௌதிக விதி எதுவும் இல்லை, திரவங்களும் வாயுக்களும் ஓடும் முறையை ஆளும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளை, ஒன்றையும் விலக்காமல், ஒன்றையும் கூட்டாமல், இடம் மாற்றி எழுதினார், அவ்வளவே. இடப்புறத்தில், அமைதியான காற்றில் ஒலி பரவுவதைக் குறிக்கும் அலைச்சமன்பாடு நின்றது. எஞ்சிய கொந்தளிப்பு முழுவதும் வலப்புறத்துக்குப் போய், அந்த அலைக்குக் காரணமாகிய மூலம் என்ற பெயரைப் பெற்றது. சமன்பாட்டை விடுவிப்பது இதனால் எளிதாகிவிடவில்லை. வலப்புறத்தில் உள்ளதும் நாம் அறியாத பிரவாகந்தானே! ஆனால் லைட்ஹில் செய்த துணிவு வேறு. ஓசை அவ்வளவு சிறியது. ஆதலால் அது தன்னைப் பெற்ற பிரவாகத்தைத் திருப்பித் தாக்கி மாற்றுவதில்லை என்று கொள்ளலாம். பிரவாகத்தை ஓசையில்லாததுபோல் தனியே கணக்கிட்டு, பின்பு அதிலிருந்து ஓசையைப் பெறலாம் என்றார். சற்று முன் நம்மைப் பயமுறுத்திய பத்துக்கோடியில் ஒரு பங்கு என்னும் சிறுமையே, அவர் கையில் அனுகூலமாக மாறிற்று. விஞ்ஞான சரித்திரத்தில் இதைவிட ஆரவாரமான சாதனைகள் பல உண்டு. இதைவிட அழகானவை அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

திறந்தவெளியில் கொந்தளிக்கும் காற்று எழுப்பும் ஒலியின் திறன் வேகத்தின் எட்டாம் அடுக்கைப் பொறுத்து வளரும் என்பது அவருடைய முடிவு. 1955-இல் கர்ல் என்பவர், ஓட்டத்தின் நடுவே திடப்பொருள் ஒன்று இருந்தால் அது ஆறாம் அடுக்காகும் என்று காட்டினார். 1969-இல் ஃபோக்ஸ் வில்லியம்ஸும் ஹாக்கிங்ஸும் அந்தத் திடப்பொருள் தானே நகர்ந்துகொண்டிருக்கும் நிலைக்குச் சமன்பாட்டை விரித்தனர். சுழலும் இறக்கைகளுக்கு இதுவே இன்றுவரை அடிப்படை. அடுத்த ஆண்டில் அதே ஃபோக்ஸ் வில்லியம்ஸ், ஹால் என்பவரோடு சேர்ந்து, கூரிய விளிம்பு ஒன்றைக் கடந்து கொந்தளிப்பு ஓடுமானால் ஒலித்திறன் ஐந்தாம் அடுக்கையே பின்பற்றும் என்று நிரூபித்தார். எட்டு, ஆறு, ஐந்து என்று அடுக்குக் குறைவதைக் கண்டு ஓசையும் குறைகிறது என்று எண்ணிவிடக் கூடாது; ஒலியின் வேகத்தைவிட மிகக் குறைந்த வேகங்களில், அடுக்குக் குறையக் குறைய ஓசை மிகும். இறக்கையின் நுனி விநாடிக்கு 75 மீட்டர் வேகத்தில் செல்கிறதென்றால் அது ஒலியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அந்நிலையில், திறந்தவெளிக் கொந்தளிப்பைக் காட்டிலும் விளிம்பைக் கடக்கும் கொந்தளிப்பு, குத்துமதிப்பாகச் சொன்னால், நூறு மடங்கு திறமையாக ஓசையை எழுப்பும். ஆகவே ஐம்பது மீட்டர் நீண்ட இறக்கையைச் சுற்றிலும் நிகழும் அத்தனை குழப்பத்திலும், காற்று இறக்கையை விட்டுப் பிரியும் பின்விளிம்பு என்னும் மெல்லிய கோட்டின் அருகே நிகழ்வதை மட்டும் கவனித்தால் பெரும்பாலும் போதும் என்றாயிற்று. எவ்வளவு பெரிய சுமை இறங்கிவிட்டது பாருங்கள்!

ஐந்தாம் அடுக்கு விதிக்கு நடைமுறைப் பயனும் உண்டு. இறக்கையின் வேகத்தை நூற்றுக்குப் பத்துக் குறைத்தால் ஓசை இரண்டு டெசிபெல்லுக்குச் சற்று மேல் குறையும். இரவு வேளையில் ஆலையை மெல்லச் சுழலவிடும் வழக்கம் பல தேசங்களில் இருப்பது இதனால்தான். மின்சாரத்தில் சிறிது இழந்து உறக்கத்தை வாங்குகிறார்கள்.

சித்தாந்தம் இவ்வளவு தெளிவாக இருந்தும், ஒரு குறிப்பிட்ட இறக்கையின் ஓசை எத்தனை டெசிபெல் என்று கேட்டால் அது விடை சொல்லாது. பின்விளிம்பில் உள்ள கொந்தளிப்பின் அளவை யாராவது எடுத்துத் தர வேண்டும். இங்கே பரிசோதனைக்காரர்கள் வருகிறார்கள். நாசாவின் லாங்லி ஆராய்ச்சிக்கூடத்தில் ப்ரூக்ஸ், போப், மார்க்கோலினி என்ற மூவர், ‘நாகா 0012’ எனப் பெயர்பெற்ற சமச்சீரான இறக்கை வடிவத்தை, இரண்டரை சென்டிமீட்டர் அகலம் முதல் 61 சென்டிமீட்டர் அகலம் வரை பல அளவுகளில் செய்து, காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஒலியை அளந்து, 1989-இல் வாய்பாடுகளாகத் தொகுத்து வெளியிட்டனர். இறக்கை தானாக எழுப்பும் ஓசையை ஐந்து வகையாக அவர்கள் பிரித்தார்கள்: இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிய எல்லைப்படலத்தின் கொந்தளிப்பு பின்விளிம்பைக் கடப்பது, ஓட்டம் இறக்கையை விட்டுப் பிரிவது, கொந்தளிப்பற்ற படலத்தில் சுழல்கள் முறையாக உதிர்வது, மழுங்கிய பின்விளிம்பில் உதிர்வது, நுனிச்சுழல். முதல் இரண்டைத் தவிர ஏனையவற்றை நல்ல அமைப்பினால் பெரும்பாலும் அடக்கிவிடலாம் என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை.

இந்த வாய்பாடுகளை ஆலைக்குப் பிரயோகிக்கும் முறை மிகச் சுலபமானது. இறக்கையை நீளவாட்டில் இருபது முப்பது துண்டங்களாக மனத்தால் வெட்டி, ஒவ்வொரு துண்டமும் தனக்குரிய வேகத்தில், தனக்குரிய கோணத்தில் காற்றைச் சந்திக்கும் தனி இறக்கை என்று பாவித்து, அவற்றின் ஓசைகளைக் கூட்டிவிடுவார்கள். சாதாரண மேசைக் கணினி சில விநாடிகளில் விடை கூறிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஆலை கட்டும் தொழிலில் நாள்தோறும் வழங்குவது இம்முறையும் இதன் வழித்தோன்றல்களுமே. நவீன ஆலையின் இறக்கை சமச்சீரானதன்று, அதன் அகலம் சோதனைத் துண்டைவிடப் பெரிது, அதன் முகத்தில் பூச்சிகளும் புழுதியும் ஒட்டிக் கரடுமுரடாகிவிடுகிறது என்றெல்லாம் குறை சொல்வார்கள். குறைகள் உண்மைதான். ஆயினும் ஒரு நாளில் ஆயிரம் வடிவங்களை மாற்றி மாற்றிச் சோதித்து, நல்லதைத் தேர்ந்துகொள்ள வேண்டியவனுக்கு, விரைவும் ஒரு பிரமாணமே அல்லவா?

அனுமானம் இவ்வாறு பின்விளிம்பைக் குற்றம் சாட்டிற்று. பிரத்தியட்சம் அதை உறுதிப்படுத்தியதா என்று கேட்கலாம். உறுதிப்படுத்தியது, அதுவும் மிக நேர்த்தியாக. ஸ்பெயின் நாட்டில் 58 மீட்டர் விட்டமுள்ள ஓர் ஆலையின் முன்னால், தரையில் ஒரு பெரிய மேடை அமைத்து, அதில் 148 ஒலிவாங்கிகளைப் பதித்து, ஒவ்வொன்றிலும் ஓசை வந்தடையும் காலத்தின் மிக நுட்பமான வேற்றுமைகளைக் கொண்டு, ஓசை பிறக்கும் இடத்தை ஒரு படமாக வரைந்தார்கள். ஊர்லமன்ஸ் என்ற டச்சு ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2007-இல் வெளியிட்ட அந்தப் படம் பலரை ஆச்சரியத்தில் ஆழ்த்தியது. ஓசை இறக்கையின் முழு நீளத்திலிருந்தும் வரவில்லை; நுனியின் கோடியிலிருந்தும் வரவில்லை; நுனிக்குச் சற்று உள்ளே, இறக்கையின் வெளிப்பகுதியிலிருந்து வந்தது. அதைவிட விசித்திரம், மூன்று இறக்கைகளும் ஒரே மாதிரி சுற்றிவரும்போது, கீழ்நோக்கி இறங்கும் இறக்கையிலிருந்து மட்டுமே தரையில் உள்ளவனுக்குப் பெரும்பாலான ஓசை வந்து சேர்ந்தது. மேலேறும் இறக்கை மௌனமாக இல்லை. அதன் ஓசை வேறு திசையில் போயிற்று. பின்விளிம்பில் பிறக்கும் ஒலி, இறக்கையின் முன்விளிம்பு நோக்கும் திசையிலேயே அதிகமாக வீசப்படுகிறது. அதோடு, நம்மை நோக்கி விரைந்துவரும் மூலத்தின் ஓசை மேலும் பெருகுகிறது. இறங்கும் இறக்கை தரையை நோக்குகிறது, ஏறும் இறக்கை வானத்தை நோக்குகிறது என்பதே அந்த வீச்சொலியின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம். நிமிடத்துக்குப் பதினைந்து சுற்றுச் சுற்றும் மூன்றிறக்கை ஆலையில், ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் ஒவ்வொரு வீச்சும் வந்து செவியில் படும். வாய்பாட்டுக் கணக்கும் இதே படத்தைத்தான் வரைந்து காட்டியது.

இனி, கணினியில் ஓட்டத்தையே நடத்திப் பார்க்கும் முயற்சிக்கு வருவோம். வாய்பாடு, தான் அளந்த வடிவங்களுக்கு மட்டுமே பிரமாணமாகும். அளந்திராத புதிய வடிவத்துக்கு ஓட்டத்தின் சமன்பாடுகளையே நாட வேண்டும். அச்சமன்பாடுகளை எவ்வித விட்டுக்கொடுத்தலும் இல்லாமல், மிகச் சிறிய சுழல்வரை தொடர்ந்து விடுவிப்பதென்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இடத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுக்க வேண்டும். தேவையான கட்டங்களின் தொகை, ஓட்டத்தின் தன்மையைக் குறிக்கும் ரெனால்ட்ஸ் எண்ணின் இரண்டேகால் அடுக்காகப் பெருகும் என்பது பழைய மதிப்பீடு. இறக்கையின் வெளிப்பகுதியில் அந்த எண் நாற்பது ஐம்பது இலட்சம். கட்டங்களின் தொகை நூறு இலட்சம் கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நுண்கணத்துக்கும் கணக்கை மீண்டும் செய்ய வேண்டும். உலகத்தின் தலைசிறந்த மீக்கணினிகளுக்கும் இது அன்றாடம் செய்யத்தக்க வேலையன்று.

இதற்கு நேரெதிர்க் கோடியில், கொந்தளிப்பைக் காலப்போக்கில் சராசரியாக்கிக் கணக்கிடும் முறை இருக்கிறது. ஆலைத் தொழிலில் இது நெடுங்காலமாக வழங்குவது, மலிவானது. ஆனால் சராசரியான ஓட்டத்தில் ஏற்ற இறக்கம் ஏது? ஏற்ற இறக்கம் இல்லையேல் ஓசை ஏது? சராசரியாக்கும்போது ஓசையையும் அடியோடு துடைத்துவிடுகிறோம். எனினும், எல்லைப்படலத்தின் தடிப்பும், கொந்தளிப்பின் சக்தியும் அக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து பின்விளிம்பருகே இறக்கையின் மேற்பரப்பில் அழுத்தம் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு துடிக்கும் என்று ஊகித்து, அந்த ஊகத்தை அமீட் என்பவர் 1976-இல் வகுத்த சித்தாந்தத்தில் புகுத்தினால் ஓசை வெளிப்படும். துடைத்ததை ஊகத்தால் மீண்டும் எழுதும் இம்முறை, கேட்பதற்குச் சற்று ஹாஸ்யமாக இருந்தாலும், பயன்படுகிறது.

இரண்டுக்கும் நடுவே, பெரிய சுழல்களைக் கணக்கிட்டுச் சிறியவற்றை மாதிரியால் ஈடுசெய்யும் முறை ஒன்று உண்டு. ஆராய்ச்சியாளர்களின் உழைப்பு இன்று மிகுதியாகச் செலவாவது இங்கேதான். இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிய படலத்தில் பெரிய சுழல்களே மிகச் சிறியவை என்பது இதன் முதல் இடர்ப்பாடு. பின்விளிம்பில் அப்படலம் முழுவதன் தடிப்பே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அங்கே கட்டங்கள் ஒரு மில்லிமீட்டரிலும் குறுகியிருக்க வேண்டும். அங்கிருந்து புறப்படும் ஓசையோ, விநாடிக்கு ஆயிரம் அதிர்வென்றால், 34 சென்டிமீட்டர் நீளமுள்ள அலை. அது போய்ச் சேரவேண்டிய வீடு ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அவ்வளவு தூரத்தையும் கட்டங்களால் நிரப்ப எவராலும் முடியாது. ஆகவே இறக்கையைச் சுற்றிக் கற்பனையாக ஒரு பரப்பை வரைந்து, அதற்குள்ளே மட்டும் ஓட்டத்தைக் கணக்கிட்டு, அப்பரப்பில் கிடைத்ததை ஃபோக்ஸ் வில்லியம்ஸ்-ஹாக்கிங்ஸ் சமன்பாட்டினிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். லைட்ஹில் 1952-இல் வகுத்த அதே வேலைப்பிரிவினை மீக்கணினியின் காலத்திலும் மாறவில்லை.

கணக்கே புதிய ஓசைகளை உண்டாக்கிவிடும் என்பது இரண்டாவது இடர்ப்பாடு. கட்டங்களின் வெளிவிளிம்பில் அலை மோதித் திரும்பினால், உலகத்தில் இல்லாத ஓர் எதிரொலி கணக்கில் கலந்துவிடும். அதைத் தடுப்பதற்கு, விளிம்பருகே அலையை உறிஞ்சி அடக்கும் ஒரு வலயத்தை அமைக்க வேண்டும். கட்டங்கள் பெரிதாக உள்ள இடத்தில் எண்முறைப் பிழை மெல்லிய அலையைத் தின்றுவிடும். ஐந்துகோடியில் ஒரு பங்கு என்ற அளவை நினைவில் வைத்துக்கொண்டால், சக்தியைப் பற்றிய கணக்குக்குப் போதுமானதாக இருந்த நுட்பம் இங்கே ஏன் போதாது என்பது விளங்கும். காற்றை நுண்துகள்களின் கூட்டமாகப் பாவித்துக் கணக்கிடும் லாட்டிஸ்-போல்ட்ஸ்மன் முறை அண்மைக்காலத்தில் இத்துறையில் ஆதரவு பெற்றதற்கு, அது அலையை அதிகம் தின்னாது என்பது ஒரு முக்கிய காரணம். இத்தனைக்குப் பிறகும், முழு இறக்கையையும் இவ்வளவு நுட்பத்தோடு நடத்திப் பார்ப்பது மிக அரிது; பெரும்பாலும் இறக்கையின் ஒரு சிறு துண்டத்தையே நடத்திப் பார்க்கிறார்கள்.

அவ்வாறாயின் இவ்வளவு செலவிட்டுச் செய்யும் கணக்கினால் லாபம் என்ன என்று ஒருவர் கேட்கலாம். ஆந்தையின் கதை இதற்கு விடை சொல்லும். 1934-இல் கிரஹாம் என்னும் ஆங்கிலேயர், ஆந்தை ஓசையின்றிப் பறப்பதற்கு அதன் இறகில் உள்ள மூன்று அமைப்புகளே காரணம் என்று எழுதினார்: முன்விளிம்பில் சீப்புப்போன்ற அமைப்பு, பின்விளிம்பில் தொங்கும் மென்மையான இழைகள், மேற்பரப்பில் பஞ்சுபோன்ற தூவி. பின்விளிம்பை ரம்பத்தின் பற்களைப்போல் வெட்டினால் ஓசை வெகுவாகக் குறையும் என்று 1991-இல் ஹௌ என்பவர் கணித சித்தாந்தத்தால் காட்டினார். ஆனால் அளந்து பார்த்தபோது அவர் சொன்ன அளவுக்குக் குறையவில்லை. 94 மீட்டர் விட்டமுள்ள 2.3 மெகாவாட் ஆலை ஒன்றில், ஓர் இறக்கையைப் பழைய வடிவிலும், மற்றொன்றைத் திருத்திய வடிவிலும், மூன்றாவதைப் பற்கள் பொருத்தியும் ஒன்றாகச் சுழலவிட்டு, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள்: திருத்திய வடிவினால் அரை டெசிபெல், பற்களினால் 3.2 டெசிபெல் சராசரிக் குறைவு. அதிர்வெண் தாழ்ந்த இடத்தில் லாபம். உயர்ந்த இடத்தில் சிறிது நஷ்டங்கூட. சித்தாந்தம் வாக்களித்த பெருங்குறைவு எங்கே போயிற்று? அளவைக்கருவி இதற்கு விடை கூறாது, வாய்பாடும் கூறாது. ஓட்டத்தை விரிவாக நடத்திப் பார்த்த கணக்குகள்தாம், பற்களுக்கிடையே காற்று புகுந்து இறக்கையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாய்வதையும், கொந்தளிப்பின் தன்மை பற்களின் நீளத்தில் மாறிக்கொண்டே போவதையும், பற்கள் ஓட்டத்தின் போக்கோடு சரியாக இணையாவிட்டால் புதிய ஓசை பிறப்பதையும் எடுத்துக்காட்டின. அந்த அறிவு மீண்டும் எளிய வாய்பாடுகளாகச் சுருங்கி, மேசைக் கணினிக்கு வந்து சேர்கிறது. செலவுமிக்க கணக்கு, மலிவான கணக்குக்கு ஆசிரியராக இருக்கிறது. அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள வந்ததன்று. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகள் இந்த வேற்றுமையை உணராமல், பெரிய கணினி வந்தபின் பழைய வாய்பாடு எதற்கு என்று கேட்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது.

இதுவரை இறக்கையைப் பற்றியே பேசினேன். ஆனால் முறையிடுகிறவன் இறக்கையின் அருகில் இல்லை. ஜெர்மனியில், டச்சு எல்லையை ஒட்டிய ரேடே என்னும் இடத்தில், 98 மீட்டர் உயரத்தில் சுழலும் 17 ஆலைகள் நின்றன. பகலில் சாதுவாக இருந்த ஆலைகள் இரவில் தொல்லை தருகின்றன என்று எல்லைக்கு அப்பால் இருந்த டச்சுக் குடியானவர்கள் முறையிட்டார்கள். கிரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான் டென் பெர்க் அங்கே இரவெல்லாம் அளந்து, 2004-இல் காரணத்தை வெளியிட்டார். அக்காலத்து விதிமுறைப்படி, தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் காற்றின் வேகத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கோபுர உச்சியில் உள்ள வேகத்தை ஒரு பொதுச் சூத்திரத்தால் கணித்து வந்தார்கள். பகலுக்கு அச்சூத்திரம் பொருந்தும். இரவில் தரை குளிர்ந்து, கீழ்க்காற்று அசைவற்று நிற்கும்போது, மேற்காற்று அதனோடு தொடர்பற்று விரைந்தோடும். உச்சியில் வேகம் சூத்திரம் சொன்னதைவிட 2.6 மடங்குவரை இருந்தது. ஓசை, பகலில் அதே தரைக்காற்றுக்கு இருந்ததைவிட 15 டெசிபெல்வரை மிகுந்தது. கீழே இலை அசையவில்லை. ஆதலால் ஓசையை மறைக்கவும் எதுவுமில்லை. இறக்கையின் ஓசையை அரை டெசிபெல் பிழைக்குள் கணிக்க ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர்கள், காற்றைப் பற்றிய ஒரு பொதுச் சூத்திரத்தில் பதினைந்து டெசிபெல்லைத் தவறவிட்டார்கள். அளவை பற்றிய சர்வதேச விதிமுறை 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில், உச்சியில் உள்ள காற்றின் வேகத்தையே ஆதாரமாகக் கொள்ளுமாறு திருத்தப்பட்டது.

இரவின் விளைவு வேகத்தோடு முடிவதில்லை. மேலே காற்று விரைவாகவும் கீழே மெதுவாகவும் இருந்தால், இறக்கை தன் சுற்றின் உச்சியை அடையும் கணத்தில் காற்றை அதிகக் கோணத்தில் சந்திக்கிறது. கோணம் எல்லை மீறினால் ஓட்டம் சற்றுநேரம் பிரிந்து, மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. அப்போது வீச்சொலி, குத்தொலியாக மாறித் தொலைதூரம் கேட்கும். பிரிட்டனில் 2013-இல் வெளியான ஆராய்ச்சிகள் இதைத்தான் முக்கிய காரணமாகக் காட்டின. எல்லைப்படலத்தின் சுழலை மில்லிமீட்டர் நுட்பத்தில் தேடும் கணக்கு, நூறு மீட்டர் உயரத்துக்குக் காற்று எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறியாவிட்டால், தவறான கேள்விக்கு நுட்பமான விடையைத் தருவதாக முடியும்.

நம் நாட்டின் விஷயம் இந்த இடத்தில்தான் குறுக்கிடுகிறது. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே தொடங்கிய காற்றாலைத் தொழில், முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் பல்கிப் பெருகிற்று. அந்நாளில் நட்ட சிறிய ஆலைகளை அகற்றி, அவ்விடங்களில் பெரியவற்றை நிறுவுவதற்கான கொள்கையைத் தமிழ்நாட்டு அரசு 2024-இல் வெளியிட்டிருக்கிறது. புதிய ஆலைகள் பழையவற்றைப்போல் இரண்டு மூன்று மடங்கு உயரத்தில் உள்ள காற்றைப் பிடிப்பவை. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபெல்லுக்கு மேல் ஓசை இருக்கலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி. ஆகவே, எந்த இடத்தில் எந்த ஆலையை நிறுவினால் எந்த வீட்டில் எவ்வளவு கேட்கும் என்ற கேள்வி இனி இங்கே எழத்தான் போகிறது. இறக்கையின் கணக்கை ஐரோப்பாவிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வதில் தவறில்லை. இறக்கையின் பௌதிகம் தேசத்துக்குத் தேசம் மாறுவதில்லை. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று மாறும். மலைமுகடுகளைத் தாண்டி வரும் தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு, இறக்கையின் முன்விளிம்பில் மோதித் தாழ்ந்த அதிர்வெண்ணில் வேறோர் ஓசையை எழுப்பும். வட ஐரோப்பியச் சமவெளிக்கு எழுதிய சூத்திரத்தில் அக்கொந்தளிப்பின் அளவு இராது.

அதை நாமே அளக்க வேண்டும்; அளப்பதற்கு முன்மாதிரியும் உண்டு. டென்மார்க்கில், தியாரபோர் என்னும் இடத்திலிருந்த இரண்டு மெகாவாட் ஆலையின் இறக்கை ஒன்றில், 2009-ஆம் ஆண்டு, வெளிப்பகுதியின் மேற்பரப்பிலேயே பல ஒலிவாங்கிகளைப் பதித்து, உண்மையான காற்றில் சுழலவிட்டு, படலத்தின் துடிப்பை நேரே அளந்தார்கள். கணினிக் கணக்குகளை உரைத்துப் பார்ப்பதற்கு அந்த அளவைகள் இன்றும் பயன்படுகின்றன. நம்மிடத்திலும் கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம் இருக்கிறது. சென்னையில் அதை நடத்தும் தேசிய நிறுவனம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் ஓட்டத்தைக் கணக்கிட வல்ல இளைஞர்கள் இருக்கிறார்கள். இறக்கையில் ஒலிவாங்கி பதிப்பது பெருஞ்செலவு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில், வைகாசி முதல் புரட்டாசி வரை, கணவாயின் வாயிலில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு உயர்ந்த கம்பங்களை நட்டு, பத்து மீட்டர், ஐம்பது, நூறு, நூற்றைம்பது ஆகிய உயரங்களில் காற்றின் வேகத்தையும் வெப்பத்தையும் இரவு பகல் இடைவிடாமல் பதிவுசெய்து, அதே நேரங்களில் அருகிலுள்ள கிராமத்தில் ஓர் ஒலிவாங்கியை வைத்து, இரண்டு பதிவுகளையும் எவரும் எடுத்துக் கணக்கிடக்கூடிய வகையில் வெளியிட்டுவிட்டால், மீக்கணினி ஒன்றும் இல்லாமலே முதல் வாய்பாட்டை எழுதத் தொடங்கலாம்.